மாத்திரையை மறந்தது யார்?

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் மதிய நேரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பலர் கையில் ஒரு நோட்டும் ஒரு துணிப்பையும் இருக்கும். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத மருந்து வாங்கிக்கொண்டு சோமரசம்பேட்டை, அல்லித்துறைப் பக்கம் திரும்புகிறவர்கள். பைக்குள் நாலைந்து வகை மாத்திரை அட்டைகள். அரசு முத்திரை, விற்பனைக்கு அல்ல என்ற எச்சரிக்கை, மற்றபடி பொடி எழுத்தில் ஆங்கிலம். எது காலைக்கு, எது ராத்திரிக்கு, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதெல்லாம் காதில் விழுந்த பேச்சாக மட்டும் கூட வருகிறது. பஸ் வயலூர் ரோட்டைப் பிடிப்பதற்குள் அதில் பாதி கரைந்துவிடும். இது புத்தூருக்கு மட்டும் உரிய காட்சி அல்ல. தில்லைநகரில் காசு கொடுத்து வாங்குகிறவரின் பையிலும் இதே ஆங்கிலம்தான், கூடுதலாகக் கத்தரிக்கோலால் பாதி வெட்டிய அட்டையும் இருக்கும். மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ வெட்டுப்பட்ட மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிட்டிருக்கும்.

அடுத்த மாதம் பிரஷர் இறங்கியிருக்காது. “மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்பார். “போடுறேன் சார்” என்பார் அந்த அம்மா. அந்தப் பதிலை டாக்டர் நம்புவதில்லை. அவர் நம்பவில்லை என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் சீட்டில் இன்னொரு மாத்திரை ஏறும். ஏற்கெனவே எடுக்காத மூன்றோடு எடுக்காத நான்காவது.

நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே, சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம், நீரிழிவில் 10.8 சதவீதம். கட்டுக்குள் இல்லாதவர்களில் பலர் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்து, மருந்தும் வாங்கி, அதை விழுங்காமல் விட்டவர்கள் மிச்சக் கணக்கில் வருகிறவர்கள். அந்த மிச்சக் கணக்கை நம்பித்தான் உலகில் ஒரு பெரிய கருவிச் சந்தை கிளம்பியிருக்கிறது: நினைவூட்டும் செயலிகள், திறந்தால் தகவல் அனுப்பும் டப்பாக்கள், வயிற்றுக்குள் போய்ச் செய்தி சொல்லும் மாத்திரைகள்.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: நோயாளி மறக்கிறார், அல்லது ஏமாற்றுகிறார், அவரைக் கண்காணித்தால் சரியாகிவிடும். இந்த அனுமானம் தப்பு என்பது என் கட்சி. அதற்கான சாட்சியத்தில் கணிசமான பகுதி நம் சென்னையிலேயே இருக்கிறது.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி. காசநோய் என்றால் தாம்பரம் மாதிரி சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, முட்டை, பால் என்று இருந்த காலம். ஏழைக்கு அந்தப் படுக்கை கிடைக்காது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு சானடோரியம். மறு பாதிக்கு, சென்னைச் சேரிகளின் நெரிசல் வீடுகளிலேயே, அதே மருந்து ஒரு வருடம். 1959இல் முடிவு வெளியானது. அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் வீட்டில் இருப்பவர் மருந்தை எடுக்கிறாரா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தக் குழு முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணியது. சிறுநீரைச் சோதித்து மருந்தின் தடயம் பார்த்தது. மருந்தைத் தானே எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958இலேயே தனிக் கட்டுரை எழுதினார். அடுத்த கட்டமாக அவர்கள் யோசித்ததுதான் சுவாரசியமானது. தினமும் எடுக்க வேண்டிய மருந்து கஷ்டமாக இருக்கிறதென்றால், மருந்தையே மாற்றினால் என்ன? வாரம் 2 முறை மட்டும், நேரில் வந்து போட்டுக்கொள்கிற முறையைச் சோதித்து 1964இல் அது தினசரி மருந்துக்குக் குறைந்ததில்லை என்று காட்டினார்கள். நோயாளியைத் திருத்துவதற்கு முன்னால் மருந்துமுறையைத் திருத்திப் பார்த்தவர்கள் அவர்கள்.

பின்னால் வந்தவர்கள் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கண்முன்னால் விழுங்க வைக்கும் டாட்ஸ் முறை 1990களின் இறுதியிலிருந்து நாடெங்கும் பரவியபோது, கூலி வேலையை விட்டுவிட்டு வாரம் 3 நாள் மையத்துக்கு நடப்பது நோயாளியின் பாடாயிற்று. 2017இல் தேசியக் காசநோய்த் திட்டம் தினசரி மாத்திரைக்கு மாறியது. தினமும் யார் போய்ப் பார்ப்பது? அதற்கு விடையாக வந்தது 99டாட்ஸ்.

பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் முளைத்த யோசனை அது. எவர்வெல் என்ற நிறுவனம் வளர்த்தெடுத்தது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை. மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால் உறையில் மறைந்திருக்கும் போன் எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால், காசு செலவில்லை. அன்றைய மாத்திரை எடுத்தாயிற்று என்று கணினியில் பதிவாகும். மிஸ்டு கால் என்ற நம் ஊர்ப் பழக்கத்தை இவ்வளவு அழகாக யாரும் பயன்படுத்தியதில்லை. காகிதம், பசை, பழைய பட்டன் போன் போதும். நான் முதலில் கேள்விப்பட்டபோது, இதைவிடக் கெட்டிக்காரத்தனம் இருக்க முடியாது என்றுதான் தோன்றியது.

சென்னை, வேலூர், மும்பையில் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். சேத்துப்பட்டின் பழைய உத்திதான்: சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் பார்ப்பது. 2020இல் வந்த முடிவு உற்சாகம் தரவில்லை. கணினி காட்டிய கணக்குக்கும் உடம்பு காட்டிய கணக்குக்கும் நல்ல தூரம். மாத்திரையை விழுங்கிவிட்டு கால் கொடுக்காதவர்கள் நிறைய. வீட்டில் ஒரே போன், அதை மகன் வேலைக்கு எடுத்துப் போய்விட்டான், சிக்னல் இல்லை, எண்ணைப் படித்து அழுத்தத் தெரியவில்லை. விழுங்காதவர் யார் என்று கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாடு, போன் இல்லாதவர் யார் என்று கண்டுபிடித்துக் கொடுத்தது. அதைவிடக் கவலையான விஷயம் ஒன்று: கணினி பார்த்துக்கொள்கிறதே என்று, நேரில் போய் விசாரிக்கிற வழக்கமும் சில இடங்களில் தேய்ந்தது.

சீனாவில் காசநோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. எந்த உதவியும் இல்லாதவர்களிடம், மருந்தைக் கணிசமாகத் தவறவிட்ட மாதங்கள் 29.9 சதவீதம். குறுஞ்செய்தி பெற்றவர்களிடம் 27.3, அது ஒரு வித்தியாசமே அல்ல. நேரம் வந்ததும் ஒலி எழுப்பி, திறப்பதைப் பதிவு செய்யும் பெட்டி பெற்றவர்களிடம் 17. பெட்டி வேலை செய்தது. இந்தப் பெட்டியை மருந்துக்கு மசியாத காசநோய் உள்ளவர்களுக்குச் சென்னையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். அலாரம் பிடித்திருந்தது, பெட்டியின் பருமன் பலருக்குப் பிடிக்கவில்லை. வெளியூர் போகும்போது எங்கே வைப்பது, உறவுக்காரர் வந்து என்ன பெட்டி என்று கேட்டால் என்ன சொல்வது? நோயை மறைத்து வாழ வேண்டியிருக்கிற வீட்டில், கத்துகிற பெட்டி எதிரி.

அமெரிக்காவில் 2017இல் இரண்டு சோதனைகளின் முடிவு வந்தது. ஒன்றில் 53,480 பேருக்கு மலிவான சாதனங்களைத் தபாலில் அனுப்பினார்கள்: கிழமைப் பெட்டி, நேரம் காட்டும் மூடி, எடுத்த நாளைத் தள்ளிக் குறிக்கும் பட்டை. இன்னொன்றில் மாரடைப்பு வந்த 1,509 பேரிடம் மின்னணுப் புட்டி, பரிசுச் சீட்டு, உறவினருக்குத் தகவல் எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பலன் இல்லை. அதே வருடம் நவம்பரில் உணரி பதித்த மனநோய் மாத்திரைக்கு அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. வயிற்றில் கரையும்போது உடம்பில் ஒட்டிய பட்டைக்குச் சைகை போகும். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பயமே நோயின் அறிகுறியாக இருக்கிற சிலருக்கு, நிஜமாகவே கண்காணிக்கிற மாத்திரை! உணரியைச் செய்த புரோட்டியஸ் நிறுவனம் 2020 ஜூனில் திவால் மனு கொடுத்தது.

இங்கே ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஏழு அறைப் பெட்டி பல வீடுகளில் உண்டு. மூடிகளில் ஆங்கில முதலெழுத்து மட்டும்; செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் பார்த்துக்கொண்டிருக்க, பாட்டி பெட்டியை நிரப்புகிறார். மகள் நிம்மதியாகத் தூங்கப் போகிறாள். நடுவில் ஏகாதசி வருகிறது. பாட்டிக்கு அன்று சாப்பாடு இல்லை. மாத்திரையோ ‘சாப்பாட்டுக்குப் பின்’. சாப்பாடே இல்லாதபோது பின் எங்கிருந்து வரும்? அன்றைக்கு அந்த அறை மூடியே கிடக்கும். மறுநாள் துவாதசிப் பாரணைக்குப் பிறகு இரண்டு நாள் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

இதில் மறதி எங்கே இருக்கிறது? பாட்டி தனக்குச் சொல்லப்பட்டதைத் துல்லியமாகக் கடைப்பிடித்தார். கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரையைப் பட்டினியில் போட்டால் சர்க்கரை விழுந்து மயக்கம் வரும், எனவே விட்டது ஒருவகையில் சரி. அம்லோடிபின் மாதிரி பிரஷர் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதை விட்டது தேவையற்ற நஷ்டம். இரண்டையும் பிரித்துச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ரமலான் மாதத்தில் பாலக்கரையில் இதே கதை இன்னும் நீளமாக நடக்கிறது. இரவுப் பணி வாட்ச்மேனுக்குக் காலை எது, இரவு எது? நீர் பிரியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாற்று நடப் போகும் பெண், வரப்பில் எங்கே ஒதுங்குவார்? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டா? எந்த அலாரம் இதற்கெல்லாம் பதில் சொல்லும்?

மறதிக்கான நல்ல தொழில்நுட்பம் வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, சத்தமில்லாமல் வந்ததால் அதை யாரும் தொழில்நுட்பம் என்று எண்ணவில்லை. டிஸ்பென்சரிகளில் மிக்சர் புட்டி கொடுத்த காலத்தில், கம்பவுண்டர் காகிதத்தை மடித்து ஓரத்தில் கத்தரித்துப் பல் பல்லாக வெட்டிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மிச்சம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். 1962இல் அமெரிக்காவில் டேவிட் வாக்னர் என்பவர், மனைவி அன்றைய கருத்தடை மாத்திரையைப் போட்டாரா இல்லையா என்று வீட்டில் தினமும் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, கிழமை தெரியும் மாத்திரைத் தட்டு ஒன்றைச் செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நாம் பார்க்கும் நாள்வாரி அட்டைகளுக்கெல்லாம் அது மூத்தது.

நம் அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையைப் பாருங்கள். 28 மாத்திரை, 21இல்தான் ஹார்மோன், மற்ற 7 இரும்புச் சத்து. அந்த 7 நாளும் ஒன்றும் போடாமல் இருக்கலாம். ஆனால் நிறுத்தி, நாள் எண்ணி, மறுபடி தொடங்கச் சொன்னால் தப்பும். தினமும் ஒன்று என்ற பழக்கம் அறுபடாமல் இருக்கட்டும் என்று வைத்தார்கள். கூடவே ரத்தசோகைக்கும் ஆயிற்று. தொழுநோய்க்கு 1980களில் வந்த கூட்டு மருந்தும் 28 நாள் அட்டையாக, நாள் வரிசையில் அடுக்கி வந்தது. நாட்டில் தொழுநோய் குறைந்த கதையில் மருந்தின் பெயர்களைச் சொல்கிறோம், அட்டையைச் சொல்வதில்லை.

இவற்றைவிட எளியது, மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைப்பது. இதயநோய்க்கான நான்கு மருந்துகளை ஒரே மாத்திரையாக்கி, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 2,004 பேரிடம் சோதித்த அம்பயர் ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. ஒரே மாத்திரை எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் தொடர்ந்து எடுத்தார்கள். தனித்தனியாக எடுத்தவர்களில் 65 சதவீதம். எந்தச் செயலியும் எந்த மின்னணுப் புட்டியும் இந்த அளவு வித்தியாசத்தைக் காட்டியதாக நான் படித்ததில்லை. அளவைக் கூட்டிக் குறைக்க முடியாதே என்று டாக்டர்கள் தயங்குவார்கள், நியாயமான தயக்கம்தான். ஆனால் வருடக்கணக்காக அளவு மாறாமல் அதே நான்கை எடுக்கிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்?

இன்னொன்று நிறம். மாரடைப்புக்குப் பின் மருந்து எடுப்பவர்களிடம் செய்த அமெரிக்க ஆய்வில், அதே மருந்து வேறு நிறத்தில் வந்தபோது மருந்தை நிறுத்தும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியது. வடிவம் மாறியபோது 66 சதவீதம். 2014இல் வந்த கண்டுபிடிப்பு. படித்த நாட்டிலேயே இப்படி என்றால், ‘வெள்ளைச் சின்னது காலையில, ரோஸ் பெருசு ராத்திரி’ என்று அடையாளம் வைத்திருக்கும் நம் அம்மாக்களின் நிலை என்ன? டெண்டரில் கம்பெனி மாறுகிறது, வெள்ளைச் சின்னது மஞ்சளாகிவிடுகிறது. பழைய அட்டையில் மிச்சம் இருந்தால் இரண்டையும் போடுகிறார், அல்லது இது எனக்கானது அல்ல என்று புதியதை ஒதுக்கிவைக்கிறார்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மொத்தமாக மருந்து வாங்குகிறது. இவ்வளவு வாங்குகிறவர் அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட முடியும். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. தன்னார்வலராக வரும் பெண் ஒரு ஊக்கத்தொகையை நம்பி ஓடுகிறவர். ஆனால் போன மாத அட்டையில் என்ன மிச்சம் என்று பார்க்கவும், ஏன்க்கா மிச்சம் என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கவும் அவரால் முடிகிறது. சேத்துப்பட்டில் எண்ணியவர்கள் சோதிக்கப் போனார்கள். இவர் அதே தெருக்காரர்.

எண்ணுவதைவிட முக்கியம், வராதவர் யார் என்று தெரிவது. 2017 இறுதியில் சில மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ‘சிம்பிள்’ என்ற செயலி இருக்கிறது. அது நோயாளியின் போனில் இல்லை. சுகாதார ஊழியரின் போனில் இருக்கிறது. இந்த மாதம் மருந்து வாங்க வராதவர்கள் பட்டியலைக் காட்டும், ஊழியர் கூப்பிட்டு விசாரிப்பார். கருவியின் கண் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. மருந்தே வந்து சேராத நாளும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2024 மார்ச்சில் காசநோய்க் கூட்டு மாத்திரைக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்து, மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளச் சொன்னது மத்திய அரசு. ஒரு நாள் தவறினாலும் ஆபத்து என்று நோயாளியிடம் வருடக்கணக்கில் சொல்லிவந்த அதே திட்டம்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். சுகருக்கும் பிரஷருக்கும் அதிகம் செலவாகும் நான்கைந்து மாத்திரைகளுக்கு 28 நாள் அட்டை. பின்பக்கம் தமிழில் பெரிய எழுத்தில் கிழமை. காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. விரத நாளில் போடலாமா கூடாதா என்று ஒரு வரி. கம்பெனி மாறினாலும் நிறமும் வடிவமும் மாறக் கூடாது என்று டெண்டரில் ஒரு நிபந்தனை. அளவு மாறாதவர்களுக்கு இரண்டு மாத மருந்து ஒரே தடவையில், ஒரு நாள் கூலி மிச்சம். அச்சுச் செலவும் நிபந்தனையும் சேர்ந்து விலை சற்றுக் கூடும். மூன்று மாத்திரைக்கு மசியாமல் நான்காவது எழுதுகிற செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் வேண்டாம். புத்தூர் மருத்துவமனையோடு இணைந்த கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறை இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிரிவினருக்குப் புதிய அட்டை, இன்னொரு பிரிவினருக்குப் பழையது என்று ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கலாம். பிரஷர் அளவு ஒவ்வொரு முறையும் நோட்டில் எப்படியும் எழுதப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.